வாடிக்கையாளர் எல்லோருக்கும் ஒரே செல் நம்பர்: 2147483647. இது என்ன எண்?

பவானிக்காரன் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஜமக்காளக் கடை வைத்திருக்கிறேன். தீபாவளிக்கு வாடிக்கையாளர்களுக்கு ஒரு செய்தி அனுப்பலாம் என்று, பழைய பில் போடும் சாப்ட்வேரிலிருந்து பெயர், ஊர், போன் நம்பர் பட்டியலை வெளியே எடுத்தோம். பார்த்தால் எல்லோருக்கும் ஒரே நம்பர். 2147483647. சேலத்துக்காரருக்கும் அதுதான், கும்பகோணத்து அம்மாவுக்கும் அதுதான், என் சொந்த மாமாவுக்கும் அதுதான்.

பத்துப் பதினைந்து பேருக்கு மட்டும் வேறு வேறு நம்பர் இருந்தது. அவை எல்லாம் பழைய ஏழு இலக்க லேண்ட்லைன். அவை அத்தனையும் சரியாகவே இருக்கின்றன.

சாப்ட்வேர் எழுதிக் கொடுத்தவர் இப்போது தொடர்பில் இல்லை. இது யாருடைய நம்பர்? வைரஸா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நிரல்நேசன் எழுதியது:

அண்ணே, வைரஸ் இல்லை. யாருடைய நம்பரும் இல்லை. உங்கள் சாப்ட்வேரில் போன் நம்பரைச் சேமிக்க ஒதுக்கிய இடம் சிறியது. அதில் அடங்கக்கூடிய மிகப் பெரிய எண்தான் இது.

கம்ப்யூட்டரில் ஒரு சாதாரண முழு எண்ணுக்கு 32 பிட் இடம் கொடுப்பார்கள். வரிசையாக 32 பல்பு இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் எரியும் அல்லது அணையும். முதல் பல்பு கூட்டலா கழித்தலா என்ற குறிக்குப் போய்விடும். மீதி 31. அந்த 31ம் எரிந்தால் வரும் எண் 1 + 2 + 4 + 8 என்று போய், 2³¹ − 1. அதாவது 2147483647. நம் கணக்கில் 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647.

நம் ஊர் செல் நம்பர்கள் 6, 7, 8, 9 இவற்றில் ஏதாவது ஒன்றில்தான் தொடங்கும். பத்து இலக்கம். எனவே எந்த செல் நம்பரை எடுத்தாலும் அது 600 கோடிக்கு மேல். இந்த இடத்தில் அடங்காது. சில தரவுத்தளங்கள் அப்படி அடங்காத எண் வந்தால் பிழை என்று சொல்லி நிறுத்திவிடும். சில, சத்தமே இல்லாமல் உச்ச எண்ணைப் போட்டு மூடிவிடும். உங்களுடையது இரண்டாவது வகை. லேண்ட்லைன் நம்பர்கள் ஒரு கோடிக்குள் இருந்ததால் தப்பித்தன.

வருத்தமான செய்தி, போன நம்பர்கள் போனதுதான். அவை எழுதப்படவே இல்லை, மீட்க வழி கிடையாது. அடுத்த முறை யாரிடம் எழுதச் சொன்னாலும், போன் நம்பரை எண்ணாகச் சேமிக்காமல் எழுத்தாகச் சேமிக்கச் சொல்லுங்கள். போன் நம்பரை யாரும் கூட்டிக் கழிக்கப் போவதில்லை. எழுத்தாக வைத்தால் முன்னால் இருக்கும் பூஜ்யமும் பத்திரமாக இருக்கும்.

பவானிக்காரன் எழுதியது:

நன்றி தம்பி. புரிந்தது. மனசு கஷ்டமாகத்தான் இருக்கிறது. பழைய பில் புத்தகக் கட்டுகள் பரணில் இருக்கின்றன, அதிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து எழுத வேண்டியதுதான்.

சாக்பீஸ் எழுதியது:

முப்பத்தொரு வருடம் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். போன் நம்பர் விஷயத்தில் எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் தலைப்பில் அந்த எண்ணைப் பார்த்ததும் விட்டுப்போக மனம் வரவில்லை.

தம்பி, உங்கள் பட்டியலில் வந்து உட்கார்ந்திருப்பது ஒரு பகா எண். ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறு எதாலும் வகுபடாது. அதைக் கண்டுபிடித்துச் சொன்னவர் கணித மேதை லியோனார்ட் ஆய்லர். 1772இல் டேனியல் பெர்னூலிக்கு எழுதிய கடிதத்தில் இதைச் சொல்கிறார். அப்போது அவருக்கு வயது 65. வலது கண் பார்வை வாலிபத்திலேயே போய்விட்டது. இடது கண்ணில் புரை வந்து, 1771இல் அறுவைச் சிகிச்சை செய்து, அதற்குப் பிறகு அந்தப் பார்வையும் ஏறக்குறைய முழுதும் போய்விட்டது. உதவியாளர்களை வைத்துக்கொண்டு, பெரும்பாலும் மனக்கணக்கில் வேலை செய்துகொண்டிருந்த காலம் அது.

அதற்கு முன் தெரிந்திருந்த மிகப் பெரிய பகா எண் 6700417. அதுவும் ஆய்லர் கண்டதுதான், 1732இல். 2³² + 1 பகா எண் என்று ஃபெர்மா என்ற பிரெஞ்சுக் கணித அறிஞர் நம்பியிருந்தார். ஆய்லர் அதை 641 × 6700417 என்று உடைத்துக் காட்டினார்.

இந்த எண்ணுக்கு இன்னொரு பெருமை உண்டு. 6 என்ற எண்ணை எடுங்கள். அதை வகுக்கும் சிறிய எண்கள் 1, 2, 3. கூட்டினால் 6. இப்படிப்பட்டவை நிறைவெண்கள். 28, 496, 8128 எல்லாம் அந்த வகை. 2³¹ − 1 பகா எண் என்று நிரூபித்த அன்றே எட்டாவது நிறைவெண்ணும் கிடைத்துவிட்டது: 2³⁰ × 2147483647 = 2305843008139952128. இப்படிப் பெருக்கினால் நிறைவெண் வரும் என்ற விதி யூக்ளிட் காலத்தது.

பவானிக்காரன் எழுதியது:

ஐயா, இதைச் சாப்பிடும்போது வீட்டில் சொன்னேன். மகள் பத்தாம் வகுப்பு. உடனே கேட்டாள்: "கம்ப்யூட்டர் இல்லாமல், கண்ணும் தெரியாமல், இருநூறு கோடிக்கு மேற்பட்ட ஒரு எண் எதாலும் வகுபடாது என்று எப்படி உறுதியாகச் சொல்ல முடியும்? எல்லாவற்றாலும் வகுத்துப் பார்க்கவா முடியும்?" எனக்குப் பதில் தெரியவில்லை.

சாக்பீஸ் எழுதியது:

கேட்ட பிள்ளைக்கு என் ஆசீர்வாதம். இந்தப் பதிலை அவளிடமே படிக்கக் கொடுங்கள்.

கண்ணு, முதலில் எல்லா எண்களாலும் வகுக்க வேண்டியதில்லை. ஒரு எண் இரண்டு எண்களின் பெருக்கலாக உடைந்தால், அவற்றில் ஒன்றாவது வர்க்கமூலத்துக்குள் இருந்தாக வேண்டும். 2147483647இன் வர்க்கமூலம் 46340க்கும் 46341க்கும் நடுவில். எனவே 46340 வரை பார்த்தால் போதும். அதிலும் பகா எண்களால் மட்டும். அவை சுமார் 4,800 இருக்கும். இத்தாலியில் கட்டால்டி என்பவர் 1588இல் 2¹⁹ − 1 பகா எண் என்று இப்படித்தான் கண்டார். அதற்கு 724 வரை பார்த்தால் போதுமாக இருந்தது. 4,800 வகுத்தல் என்பது வேறு கதை.

இங்கேதான் ஃபெர்மா 1640இல் கண்ட ஒரு விதி கைகொடுக்கிறது. 23 என்ற பகா எண்ணை எடுத்துக்கொள். 2, 4, 8, 16 என்று இரட்டித்துக்கொண்டே போ, 23ஐத் தாண்டினால் 23ஐக் கழித்துவிடு. 2, 4, 8, 16, 9, 18, 13, 3, 6, 12, 1. பதினோராவது அடியில் 1 வந்துவிட்டது. அதற்கப்புறம் மறுபடி 2, 4, 8 என்று அதே சுற்று. 2¹¹ஐ 23ஆல் வகுத்தால் மீதி 1. அப்படியென்றால் 2¹¹ − 1 என்ற 2047, 23ஆல் மீதியின்றி வகுபடும். 23 × 89 = 2047. சரிபார்த்துக்கொள்.

ஃபெர்மா சொன்னது, 2 தவிர எந்தப் பகா எண்ணை எடுத்தாலும், அதில் ஒன்று குறைவான அடியில் 1 கட்டாயம் வரும். 23க்கு 22ஆவது அடியில். நம் சுற்றின் நீளம் 11, இரண்டு சுற்று முடிந்தால் 22. பொருந்துகிறது.

இப்போது நம் எண்ணுக்கு வா. ஏதோ ஒரு பகா எண் 2³¹ − 1ஐ வகுக்கிறது என்று வைத்துக்கொள். 31ஆவது அடியில் 1 வருகிறது என்று அர்த்தம். சுற்றின் நீளம் 31ஐ மீதியின்றி வகுக்க வேண்டும். 31 தானே ஒரு பகா எண், அதனால் நீளம் 31தான், வேறு வழியில்லை. ஃபெர்மா விதிப்படி அந்தப் பகா எண்ணில் ஒன்றைக் கழித்தால் அதில் முழுச் சுற்றுகள் அடங்க வேண்டும். ஆக அது 31இன் மடங்கு. ஒற்றைப்படை எண்ணில் ஒன்றைக் கழித்தால் இரட்டைப்படை. எனவே 62இன் மடங்கு.

அதாவது 62இன் மடங்கோடு ஒன்று கூட்டினால் வரும் எண்களை மட்டும் பார்த்தால் போதும். மூன்றாலோ ஏழாலோ பதினொன்றாலோ வகுபடுமா என்ற கேள்வியே எழாது, ஒரு வகுத்தலும் செய்யாமலே அவை வெளியே போய்விட்டன. 46340க்குள் இந்த வகை எண்கள் 747 மட்டுமே. இந்த 747ஐத்தான் ஆய்லர் வகுத்துப் பார்த்தார்.

முல்லைக்கொடி எழுதியது:

ஐயா, மிக அழகாகச் சொன்னீர்கள். கடைசி வரியில் மட்டும் ஒரு திருத்தம். ஆய்லர் 747 பார்க்கவில்லை. இன்னும் பாதியாகக் குறைத்துவிட்டார்.

2³¹ − 1ஐ வகுப்பதாக ஐயா வைத்துக்கொண்ட அந்தப் பகா எண்ணால் வகுத்தால் 2³¹க்கு மீதி 1. அதை இரட்டித்தால் 2³²க்கு மீதி 2. ஆனால் 2³² என்பது 65536இன் வர்க்கம். ஒரு வர்க்க எண்ணை வகுத்தால் மீதி 2 வருகிறது! எல்லாப் பகா எண்களும் இதற்கு இடம் கொடுக்காது. 5ஆல் எந்த வர்க்கத்தை வகுத்தாலும் மீதி 0, 1, 4தான். 11ஆல் வகுத்தாலும் 2 வரவே வராது. 7ஆல் வரும், 9ஐ வகுத்தால் மீதி 2. 17ஆல் வரும், 36ஐ வகுத்தால் மீதி 2. 23ஆல் வரும், 25ஐ வகுத்தால் மீதி 2. இடம் கொடுக்கும் ஒற்றைப்படைப் பகா எண்கள் எல்லாம் 8ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 தருபவை.

இந்த நிபந்தனையையும் 62 நிபந்தனையையும் சேர்த்தால், 248இன் மடங்கோடு 1 கூட்டிய எண்கள், 248இன் மடங்கோடு 63 கூட்டிய எண்கள், இவை மட்டும் மிஞ்சும். 46340க்குள் எண்ணிப் பார்த்தால், 63ஐ விட்டுவிட்டு, சரியாக 372. அவற்றிலும் 249 = 3 × 83, 497 = 7 × 71 போன்ற பகு எண்களைத் தள்ளிவிட்டால் எண்பது சொச்சம் பகா எண்கள்தான் தேறும். 4,800 எங்கே, எண்பது எங்கே! நான் எம்எஸ்சி படிக்கும்போது இதை முதலில் பார்த்த அன்று இரவு தூக்கமே வரவில்லை.

சாக்பீஸ் எழுதியது:

திருத்தத்துக்கு நன்றி அம்மா. 248ஐ நான் மறந்தே போனேன். நீங்கள் சொன்னதுதான் சரி.

அரைக்கால் எழுதியது:

இரண்டு கேள்வி. ஒன்று, 31 பகா எண், 2³¹ − 1ம் பகா எண். அப்படியானால் எந்தப் பகா எண்ணை அடுக்கில் வைத்தாலும் பகா எண் வருமா? இரண்டு, கம்ப்யூட்டரின் எல்லை எண் பகா எண்ணாக இருப்பது வேண்டுமென்றே செய்ததா?

முல்லைக்கொடி எழுதியது:

முதல் கேள்விக்கு: வராது. வாத்தியார் ஐயா மேலே காட்டிய 2¹¹ − 1 = 23 × 89தான் சாட்சி. கட்டால்டி 17, 19 இரண்டையும் சரியாகச் சொன்னார். அதோடு நிற்காமல் 23, 29, 31, 37 இவையும் பகா எண் தரும் என்றார். 31 மட்டுமே சரி. 23ஐயும் 37ஐயும் ஃபெர்மா உடைத்தார். 2²³ − 1 = 47 × 178481. 29ஐ ஆய்லர் உடைத்தார், அது 233ஆல் வகுபடும். 47 என்பது 46 + 1, 233 என்பது 4 × 58 + 1. அதே சுற்று விதிதான் வழிகாட்டியது.

பாரிஸில் இருந்த மெர்சென் என்ற துறவி 1644இல் 257 வரைக்கும் ஒரு பட்டியல் வெளியிட்டார். அதனால்தான் இவற்றுக்கு மெர்சென் பகா எண்கள் என்று பெயர். அந்தப் பட்டியலில் 67, 257 இரண்டும் தவறு. 61, 89, 107 மூன்றும் விடுபட்டுப் போயின. 2⁶⁷ − 1ஐ 1903இல் ஃபிராங்க் நெல்சன் கோல் 193707721 × 761838257287 என்று உடைத்தார். 31 அந்தப் பட்டியலில் இருந்தது, ஆனால் நிரூபணம் வர 128 வருடம் ஆனது.

இரண்டாவது கேள்வி எனக்கு ரொம்பப் பிடித்தது. வேண்டுமென்று செய்ததல்ல. 8, 16, 32, 64 என்று இரட்டிப்பாக இடம் ஒதுக்குவது இயந்திர வசதிக்காக. குறிக்கு ஒன்று போக மிஞ்சுவது 7, 15, 31, 63. 2⁷ − 1 = 127, பகா எண். 2¹⁵ − 1 = 32767 = 7 × 31 × 151, இல்லை. 2³¹ − 1 பகா எண். 2⁶³ − 1 மறுபடி இல்லை, 7ஆலும் வகுபடும், 127ஆலும் வகுபடும். 128 பிட்டுக்குப் போனால் 2¹²⁷ − 1 பகா எண், லூக்கா 1876இல் நிரூபித்தது. ஒன்று விட்டு ஒன்று! காரணம் அடுக்கில் இருக்கிறது. 15, 63 இரண்டும் 3ஆல் வகுபடுபவை, அடுக்கு உடைந்தால் எண்ணும் உடையும். 7, 31, 127 பகா எண்கள், அதோடு அவையே 2³ − 1, 2⁵ − 1, 2⁷ − 1 என்ற மெர்சென் வகை.

மெர்சென் பகா எண்ணையே அடுக்கில் வைத்தால் மறுபடி பகா எண் வரும் சம்பவம் இதுவரை தெரிந்தவரை நான்கே முறை நடந்திருக்கிறது: 7, 127, 2147483647, 2¹²⁷ − 1. நம் எண் அந்த நால்வரில் ஒருவர். ஐந்தாவதாக 2147483647ஐயே அடுக்கில் வைத்தால் என்ன? அந்த எண்ணுக்கு 64 கோடிக்கு மேல் இலக்கங்கள். எழுதிப் பார்க்கவே முடியாத அதையும் உடைத்துவிட்டார்கள்: 295257526626031ஆல் வகுபடும். இந்த வகு எண்ணில் ஒன்றைக் கழித்து 2147483647ஆல் வகுத்துப் பாருங்கள், 137490 என்று மீதியின்றி வரும். ஆய்லரின் அதே சல்லடை.

நிரல்நேசன் எழுதியது:

எங்கள் தொழிலில் தினமும் பார்க்கும் எண்ணுக்குள் இவ்வளவு இருக்கிறது என்று இன்றுதான் தெரிந்தது. என் பங்குக்கு மூன்று விஷயம்.

பல கணினிகள் நேரத்தை 1970 ஜனவரி 1 முதல் எத்தனை வினாடி ஆயிற்று என்று எண்ணிவைக்கும். 32 பிட்டில் அப்படி எண்ணும் இயந்திரங்களில் 2147483647ஆவது வினாடி வரும் நாள் 2038 ஜனவரி 19, செவ்வாய்க்கிழமை. நம் நேரம் காலை 8 மணி 44 நிமிடம் 7 வினாடி. பொங்கல் முடிந்த சமயம். அடுத்த வினாடி எண் கழித்தல் 2147483648 என்று திரும்பி, தேதி 1901 டிசம்பருக்குப் போய்விடும். புதிய இயந்திரங்கள் பெரும்பாலும் 64 பிட்டுக்கு மாறிவிட்டன. பழைய கருவிகளுக்குள் புதைந்திருக்கும் நிரல்கள்தான் கவலை.

2014 டிசம்பரில் யூடியூபில் ஒரு கொரியப் பாட்டின் பார்வை எண்ணிக்கை இந்த எல்லையைத் தாண்டியது. எண்ணும் இடத்தை 64 பிட்டாக மாற்றினார்கள்.

மூன்றாவது, இந்த எண் பகா எண்ணாக இருப்பது எங்களுக்கு நேரடியாக உதவுகிறது. 1988இல் பார்க், மில்லர் இருவரும் பரிந்துரைத்த ஒரு முறை: 1இல் தொடங்கு, 16807ஆல் பெருக்கு, 2147483647ஆல் வகுத்து மீதியை எடு, மறுபடி பெருக்கு. 16807, 282475249, 1622650073 என்று போகும். பார்த்தால் குலுக்கிப் போட்ட மாதிரி இருக்கும். 1 முதல் 2147483646 வரை ஒரு எண் விடாமல், ஒன்றுகூட இரண்டு முறை வராமல், எல்லாவற்றையும் தொட்டுவிட்டுத்தான் 1க்குத் திரும்பும். வகு எண் பகா எண் இல்லையென்றால் இது நடக்காது. 16807 என்பது 7இன் ஐந்தாம் அடுக்கு.

பவானிக்காரன் எழுதியது:

இரண்டு நாளாக மகள் ஒரு நோட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். நான் பில் கட்டைப் பிரித்து நம்பர் எழுதுகிறேன், பக்கத்தில் அவள் வகுத்துக்கொண்டிருக்கிறாள். முல்லைக்கொடி அக்கா சொன்ன வகையில் முதல் மூன்று பகா எண்களைத் தானே கண்டுபிடித்ததாகச் சொல்கிறாள். அவள் எழுதியது:

311 – ஈவு 6905092, மீதி 35.
1303 – ஈவு 1648107, மீதி 126.
1489 – ஈவு 1442232, மீதி 199.

சரியா என்று பார்த்துச் சொல்லுங்கள்.

சாக்பீஸ் எழுதியது:

மூன்று எண்ணும் சரியாகப் பிடித்திருக்கிறாள். 311, 1489 வகுத்தலும் சரி. 1303இல் ஈவு சரி, மீதியில் ஒரு நூறு தவறிவிட்டது. 1303 × 1648107 = 2147483421. கழித்தால் 226. கடைசிக் கழித்தலில் 647இலிருந்து 421ஐ எடுக்கும்போது நழுவியிருக்கும்.

நீள வகுத்தலைச் சரிபார்க்க ஒரு குறுக்குவழி சொல்கிறேன் கண்ணு. 1489க்கு: 2¹¹ = 2048, 1489ஐக் கழித்தால் 559. 2²⁰ = 1048576, வகுத்தால் மீதி 320. 11ம் 20ம் சேர்ந்தால் 31. 559 × 320 = 178880, அதை 1489ஆல் வகுத்தால் மீதி 200. ஒன்றைக் கழி, 199. பெரிய எண்ணைத் தொடவே வேண்டாம்.

பவானிக்காரன் எழுதியது:

1303ஐத் திருத்திவிட்டாள், 226தான் வருகிறதாம். குறுக்குவழியில் அடுத்ததையும் போட்டிருக்கிறாள்: 2543, மீதி 1523. இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று கேட்கிறாள். என் கட்டில் இன்னும் நானூறு பில் இருக்கிறது.

முல்லைக்கொடி எழுதியது:

1523 சரி. நானும் போட்டுப் பார்த்தேன். இன்னும் எண்பதுக்குக் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். அடுத்தது 2729, அதற்கடுத்து 2791, இரண்டுமே பகா எண்கள். தினம் நான்கு போட்டால் தீபாவளிக்குள் முடித்துவிடலாம்.